மூன்று கிழமை மாத்திரை

உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிப்பவன் நான். இலங்கை மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரு தமிழ்ப் பாடசாலை. கலம் ஒன்று தன் டி.என்.ஏ.யை எப்படி நகலெடுக்கிறது என்ற பாடத்தைப் பதினெட்டு வருடமாக ஒரே கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். அந்த நகலெடுக்கும் வேலை என் உடம்புக்குள்ளேயே நின்றுபோய், பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நிறுத்தியது வேறு யாருமில்லை, நான்தான். விசாரித்தவர்களிடமெல்லாம் "காய்ச்சல்" என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இப்போது உடம்பு தேறிவிட்டது. உள்ளதை எழுதிவிடலாம்.

இரண்டு வருடத்துக்கு முன் என் கைவிரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் சோக்கட்டி பிடிக்க முடியாது. மூட்டுவாதம் என்றார்கள். உடம்பைக் காவல் காக்க வேண்டிய கலங்களே மூட்டுகளை எதிரி என்று நினைத்துத் தாக்குகிற நோய் இது. கிளினிக்கில் மெத்தொட்ரெக்சேட் என்ற மாத்திரை தந்தார்கள். கிழமையில், அதாவது வாரத்தில், ஒரே ஒரு நாள், ஆறு மாத்திரை, அதற்கு மேல் கூடாது. மற்ற நாட்களில் போலிக் அமிலம் என்ற விட்டமின். நான் ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்துகொண்டேன். கிளினிக் கொப்பியில் 'கிழமைக்கு ஒருமுறை' என்பதன் கீழ் சிவப்பு மையால் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். மாணவர்களின் விடைத்தாளில் நானும் அப்படித்தான் கோடு போடுவேன். அவர்கள் அதை எவ்வளவு மதிக்கிறார்களோ, அவ்வளவுதான் நானும் மதித்தேன்.

மாசி மாதம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரிப்பதும், அவன் மனைவி ரதி அழுது புலம்புவதும்தான் கதை. இருபது வருடமாக அந்த ரதி நான்தான். நாற்பத்தேழு வயதில் மீசையை எடுத்துவிட்டுச் சேலை கட்டி ஆடுவேன். என் மனைவி புஷ்பா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வேலை செய்கிறாள். "என் சேலையில எனக்கே இவ்வளவு எடுப்பு இல்லைங்க" என்று வருடா வருடம் சொல்வாள். கையில் காப்புக் கட்டினால் கூத்து முடியும்வரை ஒரு வேளைச் சாப்பாடுதான், கவிச்சி கிடையாது, மாத்திரை மருந்து தொடுவதில்லை. மருந்தைப் பற்றி யாரும் சட்டம் எழுதி வைக்கவில்லை. எங்கள் தோட்டத்து வழக்கம் அப்படி. அதனால் மூன்று ஞாயிறு மாத்திரை போடாமலே போய்விட்டது.

கூத்து முடிந்து புதன்கிழமை காப்பை அவிழ்த்தேன். அன்று ஆறு மாத்திரை போட்டேன். வியாழன் ஆறு, வெள்ளி ஆறு. விட்ட மூன்று கிழமையும் சரிக்கட்டியாயிற்று. ஞாயிறு வந்ததும் அந்தக் கிழமைக்குரிய ஆறையும் போட்டேன். ஆடிய ஆட்டத்தில் முழங்கால் வீங்கியிருந்ததால் பாமசியில் வாங்கிய வலி மாத்திரையும் கூடவே போய்க்கொண்டிருந்தது. போலிக் அமிலத்தைப் பற்றி நினைக்கவே இல்லை. வெறும் விட்டமின்தானே என்று விட்டுவிட்டேன்.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும். மலைக்குப் போகாமல் விட்ட நாளை என் அம்மா ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுத்து ஈடுகட்டுவார். மழைக்கு நின்றுபோன வகுப்பை நான் சனிக்கிழமை வைத்து முடிப்பேன். விட்டதைப் பிடித்தால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். மாத்திரைக்கும் அதே நியாயம் என்று நினைத்தேன், அதுவும் உயிரியல் வாத்தியார்.

செவ்வாய்க்கிழமை வாயில் புண் வந்தது. முதலில் உதட்டுக்குள் ஒன்று, சாயந்திரத்துக்குள் நாக்கு, தொண்டை எல்லாம். சூடு ஆறிய தேத்தண்ணியே எரிந்தது. வியாழன் குளிர்காய்ச்சல் வந்து, வயிறும் கழிந்தது. வெள்ளிக்கிழமை காலை புஷ்பா என்னைப் பஸ்ஸில் ஏற்றி, மடியில் ஒரு துவாயை விரித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வளைவுக்கு வளைவு நான் அந்தத் துவாயில் குனிந்துகொண்டே போனேன்.

வெளிநோயாளர் பிரிவில் இரண்டரை மணித்தியாலம் பெஞ்சில் இருந்தோம். இரத்தம் எடுத்தார்கள். ரிப்போட் வந்ததும் எல்லாம் வேகமாக நடந்தது. தள்ளுவண்டியில் வைத்து வார்டுக்குக் கொண்டுபோய்ச் சேலைன் ஏற்றினார்கள். கிருமியோடு சண்டை போடுகிற வெண்குழியங்கள் மிகவும் குறைவு. காயம் பட்டால் இரத்தத்தை உறைய வைக்கிற சிறுதட்டுகளும் குறைவு. டெங்குவாக இருக்கலாம் என்று முதலில் பார்த்தார்கள். அது இல்லை. அடுத்தது எலிக்காய்ச்சலா என்று பார்த்தார்கள்.

வார்ட் டொக்டர் ஒரு சிங்களப் பெண்பிள்ளை, முப்பது வயது இருக்கும். தமிழ் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுவார். என் கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"ஐயா, இந்த மாத்திரை எப்பிடி போடுறது?"

"கிழமைக்கு ஒரு தடவை."

"பிழை இல்லாம போடுறதுதானே?"

"பிழை இல்லாம."

பக்கத்தில் நின்ற தாதி எங்கள் பாடசாலை மாணவர் ஒருவரின் அக்கா. வந்தவுடனே "சார், நீங்களா?" என்று கேட்டிருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? போதாக்குறைக்கு என் மனது ஒரு சமாதானமும் வைத்திருந்தது. நான்கு கிழமைக்கு இருபத்து நான்கு மாத்திரை, நானும் இருபத்து நான்குதான் போட்டேன், ஒன்றுகூட அதிகமில்லையே. வெட்கம் வந்துவிட்டால் படித்தவனுக்குக் கணக்கு நன்றாக வரும்.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் செல்லையா அண்ணன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கிற மெசினில் நிற்பவர். சீனி நோயால் காலில் ஆறாத புண். அவருக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. எனக்கு வாயைத் திறக்க முடியாது. ஆகையால் நல்ல பொருத்தம்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் கேட்டார். "சார், புள்ளைகளுக்கு என்னா பாடங்க சொல்லிக் குடுக்குறீங்க?"

பாடத்தைப் பற்றிக் கேட்டால் வாத்தியாரால் சும்மா இருக்க முடியாது. அவருடைய காலைச் சாப்பாட்டுப் பாண் சுற்றி வந்த தாளைப் பிரித்து, பேனை எடுத்து வரைந்தேன். வரைய முடியாததைப் புரளாத நாக்கால் மெல்லச் சொன்னேன். உடம்பில் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் ஒரு நீளமான எழுத்து இருக்கிறது. நாலே நாலு எழுத்துதான், அதுவே மாறி மாறி வரும். எழுத்து இரண்டு இழையில் இருக்கிறது, இழை இரண்டும் ஒன்றையொன்று பார்த்தபடி. ஒரு இழையில் 'ஏ' இருந்தால் எதிரில் 'டீ'தான் இருக்கும். 'ஜீ' இருந்தால் எதிரில் 'சீ'.

"ஜோடி மாறாதுங்களா?"

மாறாது என்று தலையாட்டினேன். கலம் இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் இந்த எழுத்து முழுவதையும் நகலெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிறக்கிற கலத்துக்கு ஒன்றும் தெரியாது. முதலில் ஒரு நொதியம் வந்து இரண்டு இழையையும் பிரித்துக்கொண்டே போகும். பின்னாலேயே இன்னொரு நொதியம் வந்து, ஒவ்வொரு பழைய எழுத்துக்கும் எதிரே அதன் ஜோடியைக் கொண்டுவந்து வைக்கும். ஒரு இழையில் ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போகும். மற்ற இழையில் திசை எதிர்ப்பக்கம் என்பதால் துண்டு துண்டாக எழுதி, பிறகு ஒட்டுவார்கள். எழுதுகிறவரே பிழையும் பார்ப்பார். தப்பான எழுத்து வந்துவிட்டால் ஒரு எட்டு பின்னால் வந்து, அதை எடுத்துப் போட்டுவிட்டுச் சரியானதை வைப்பார். முடிந்ததும் ஒன்றுக்கு இரண்டு இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு இழை பழையது, ஒரு இழை புதியது.

செல்லையா அண்ணன் தாளைத் தூரமாகப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். "எல்லா எடத்துலயும் இந்த வேல நடக்குமுங்களா சார்?"

எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்காது, தேய்ந்து தேய்ந்து புதுசாகிற இடங்களில்தான் வேகம் என்று சொன்னேன். வாய்த்தோல், குடல், முடிவேர், எலும்புக்குள்ளே இரத்தம் உண்டாகிற மச்சை. அங்கெல்லாம் ஓய்வே கிடையாது.

"இந்த எழுத்து எல்லாம் எங்கேருந்து வருது?"

கலமே செய்துகொள்ளும் என்றேன்.

"செய்யிற சாமான் தீந்து போச்சின்னு வைங்க. எழுதுறவரு என்னா பண்ணுவாரு? எங்க தொழிற்சாலையில கொழுந்து வரலேன்னா மெசினை நிப்பாட்டிட்டுக் குந்திக்கிட்டு இருப்போம்."

"அப்பிடித்தான். நின்னுருவாரு" என்றேன். சொன்ன பிறகு பேனையைத் தாளில் வைக்க முடியவில்லை. அந்த 'டீ' எழுத்தைச் செய்யப் போலிக் அமிலம் வேண்டும். மெத்தொட்ரெக்சேட் செய்கிற வேலையே, போலிக் அமிலத்தைக் கலம் பயன்படுத்த முடியாமல் தடுப்பதுதான். இதைப் பாடத்தின் கடைசியில், நேரம் மிஞ்சினால், ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவேன். கிழமைக்கு ஒரு நாள் போட்டால், மற்ற ஆறு நாளில் நல்ல கலங்கள் மூச்சு விட்டுத் தேறிவிடும். நான் ஐந்து நாளுக்குள் நான்கு தரம் கதவைச் சாத்தியிருக்கிறேன், போதாததற்கு மருந்தைச் சிறுநீரில் வெளியே போக விடாமல் வலி மாத்திரையும் போட்டிருக்கிறேன். இருபத்து நான்கு மாத்திரையா என்பது கேள்வியே இல்லை, எத்தனை நாளில் என்பதுதான் கேள்வி. வாய், குடல், இரத்தம் என்று நான் வரிசையாக எழுதியிருந்த பட்டியலைப் பார்த்தேன். அது என்னுடைய நோயின் பட்டியல்.

இனி உடனே டொக்டரைக் கூப்பிட்டுச் சொன்னேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. சொல்லவில்லை. ஒன்பது மணிச் சுற்றில் பெரிய டொக்டர், சின்ன டொக்டர், தாதிமார் என்று ஏழு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு பேர் முன்னால் வேண்டாம், சாயந்திரம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். புஷ்பா கஞ்சியைத் துணியில் வடித்து, உப்புக்கூட அளவாகப் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஒரு கரண்டி ஊட்டினாள். அடுத்த கரண்டி வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அழுகிறாள்.

"எலும்புக்குள்ள ஊசி விட்டுப் பாக்கணுமாம். நாளைக்குக் கண்டிக்கு அனுப்பப் போறாங்களாம். ரெத்தப் புத்துநோயா இருக்குமோன்னு அந்த டொக்டர் புள்ள சொல்லுது. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லலைங்க."

இரண்டு நாளாக அவள் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு, பஸ்ஸில் வந்து, சிரித்த முகத்தோடு கஞ்சி ஊட்டியிருக்கிறாள். நான் செத்தாலும் பரவாயில்லை, மானம் போகக் கூடாது என்று படுத்திருக்கிறேன். அந்த நிமிடம் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சொன்னேன். புதன் ஆறு, வியாழன் ஆறு, வெள்ளி ஆறு, ஞாயிறு ஆறு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோப்பையை மேசையில் வைத்தாள்.

"டொக்டர் கேட்டப்ப என்னா சொன்னீங்க?"

"கிழமைக்கு ஒருக்கான்னு..."

"எந்திரிச்சி நிக்க ஏலாது, பொய் மட்டும் நல்லா வருது."

"சாயந்திரம் நானே சொல்லிர்றேன், புஷ்பா."

"ஆமா, சொல்லுவீங்க. காப்பு அவுத்த அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கணும்." எழுந்து விறுவிறுவென்று தாதிமார் மேசைக்குப் போனாள். கடைத்தெருவில் பேசிப் பழகிய சிங்களத்தில், விரல்களை ஆறு ஆறாகக் காட்டிக் காட்டி, வார்ட் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். எங்கள் மாணவரின் அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

டொக்டர் ஓடித்தான் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. எந்த நாள், எத்தனை மணி, எத்தனை மாத்திரை, வலி மாத்திரை எது என்று கேட்டு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "இதை முதல் நாள் சொன்னா நல்லம், ஐயா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

கண்டிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் போலினிக் அமிலம் என்ற ஊசி வந்தது. பெயர் ஒன்றுபோல் இருந்தாலும் இது வேறு. நோர்வூட் ரோட்டில் மண் சரிந்தால் ஹட்டனில் எவ்வளவு அரிசி இருந்தும் எங்களுக்குப் பிரயோசனமில்லை. சரிவுக்கு இந்தப் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்ட லொறிதான் சோறு போடும். மாத்திரை அடைத்த இடத்துக்கு இந்தப் பக்கம் வந்த போலிக் அமிலம்தான் போலினிக் அமிலம். கலம் அதை வைத்து நேரே எழுத்துச் செய்யத் தொடங்கலாம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு ஊசி. மருந்து சிறுநீரில் கழுவிப் போகச் சேலைன். கிருமிக்கு வேறு ஊசி.

மறுநாள் வெண்குழியம் கூடும் என்று நம்பினேன், குறைந்தது. அதற்கு மறுநாள் இன்னும் குறைந்தது. ஏற்கெனவே வெளியே வந்த வெண்குழியங்கள் ஓரிரண்டு நாளில் தீர்ந்துவிடும், புதியவை மச்சையில் தயாராகி வரப் பல நாள் ஆகும், இடையில் வெறுமைதான் என்று டொக்டர் விளக்கினார். எனக்குத் தெரிந்த பாடம்தான். தெரிந்ததால் பயம் குறையவில்லை, கூடியது. தலையணையில் கொத்துக் கொத்தாக முடி கிடந்தது. ஒரு சின்னக் கிருமி போதும் என்று எனக்குத் தெரியும். சாகப் பயந்தேன். அதை மறைக்க ஒன்றுமில்லை. புஷ்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்ணைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் படுத்திருந்தேன்.

செல்லையா அண்ணன் ஊசி தொடங்கிய முதல் நாளே தாதியிடம் கேட்டுத் தன் கட்டிலை வார்டின் மறு கோடிக்கு மாற்றிக்கொண்டார். "எங்காலு சீழு வச்ச காலு சார். ஒங்களுக்கு எதுத்து நிக்க ஆளு இல்லாத நேரம், நான் கிட்ட இருக்கக் கூடாது." யன்னலோரக் கட்டிலை விட்டுக் கழிப்பறைப் பக்கக் கட்டிலுக்குப் போனார். காலையில் இரத்த ரிப்போட் வரும் நேரம் பார்த்து அங்கிருந்தே சத்தம் போடுவார். "எழுத்து வந்துருச்சா சார்?"

நான் கையை விரித்துக் காட்டுவேன்.

நான்காம் நாள் குறையவில்லை. ஐந்தாம் நாள், நானூறில் நின்ற வெண்குழியம் அறுநூறு ஆனது. ரிப்போட்டைத் தாதி சத்தமாக வாசித்தார். புஷ்பா அதை வாங்கித் தானும் ஒருமுறை வாசித்துப் பார்த்தாள். அடுத்த நாள் ஆயிரத்தைத் தாண்டியது. வாய்ப்புண்ணில் வெள்ளைத் தோல் கழன்று, கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வந்திருந்தது. நாக்கால் தடவித் தடவிப் பார்த்தேன். உள்ளே எங்கோ பிரிக்கிறவர் பிரிக்கிறார், எழுதுகிறவர் எழுதுகிறார். பதினெட்டு வருடம் சொல்லிக் கொடுத்தும் எனக்கு அது ஒரு நாளும் சந்தோசம் தந்ததில்லை. அன்று தந்தது. அன்று பகல் கஞ்சியில் பருப்புச் சேர்த்துச் சாப்பிட்டேன்.

பதினாறாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள். ஒரு மாதம் கழித்துக் கிளினிக்குக்குப் போனபோது அதே டொக்டர் அங்கே இருந்தார். வெளியே பெஞ்சுகளில் காத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நம் ஆட்கள், அநேகம் பேர் கொழுந்து எடுக்கிற பெண்கள். "ஐயா டீச்சர்தானே. இந்த மாத்திரை பத்தி தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்லுறது பாதிதான் விளங்குது" என்றார்.

எழுந்து நின்றேன். "ஒரு நோயாளி இருந்தார், அவர் மூன்று கிழமை மாத்திரையை..." என்று தொடங்கினேன். முன் பெஞ்சில் இருந்த புஷ்பா என்னைப் பார்த்தாள்.

"அந்த ஆளு நாந்தாங்க" என்றேன். சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். காப்பு, ரதி வேசம், ஆறு ஆறாகப் போட்டது, டொக்டரிடம் பொய் சொன்னது, முடி கொட்டியது. ஒரு நாள் தவறினால் டொக்டரைக் கேளுங்கள், நீங்களாகச் சேர்த்துப் போடாதீர்கள் என்று முடித்தேன்.

பின் பெஞ்சில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண், வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போலக் கையைத் தூக்கினார். ஐம்பது வயது இருக்கும், விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை.

"மாத்திர போட்ட மறுநாளு தல சுத்துது சார். கொழுந்து நெறையா இருக்க நேரம் மலையில உளுந்துட்டா? அதான் போடாம எடுத்து வச்சிருந்தேன்." தூக்கிய கையை இன்னும் இறக்கவில்லை. "வாய்ப்புண்ணு எத்தனாவது நாளு வரும்?"

"எனக்கு ஆறு ஏழு நாளில வந்தது. ஏன் கேக்குறீங்க?"

"எடுத்து வச்சத எல்லாம் சேத்துப் போட்டு, எனக்கு இன்னைக்கி மூணாவது நாளுங்க."

புஷ்பா எனக்கு முன்னால் எழுந்துவிட்டாள். இரண்டு பேருமாக அவரை ஆளுக்கொரு கையில் பிடித்து டொக்டரின் அறைக்குக் கூட்டிப் போனோம். வரிசையில் அவருக்கு முன்னால் இருபது பேராவது இருந்தார்கள். ஒருவரும் எண் கேட்கவில்லை.